படகில் ஏறும் முன் ஒரு நிமிடம்... உங்கள் பிள்ளையின் லைஃப் ஜாக்கெட் பக்கிள் மாட்டியிருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை. படகுத்துறையில் நல்ல கூட்டம். அரை மணி நேரம் வரிசையில் நின்று அப்பா டிக்கெட் வாங்கியாயிற்று. பிள்ளைகள் முதல் ஆளாக ஏறி ஓரத்து இருக்கையைப் பிடித்துவிட்டார்கள். படகு நிரம்பியாயிற்று என்று நினைக்கும்போது, "கொஞ்சம் நெருங்கி உட்காருங்க, இன்னும் நாலு பேருதான்" என்று ஒரு குரல். எல்லோரும் நெருங்கி உட்காருகிறார்கள். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை ஒருவர் கொண்டுவந்து கொடுக்கிறார். "வேர்க்குதுப்பா, வாடை வேற அடிக்குது" என்று பாதிப் பேர் அதை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். சிலர் மாட்டிக்கொண்டாலும் பக்கிளைப் போடுவதில்லை. போட்டோவுக்கு அழகாக இருக்காதே!

பெரும்பாலான நாட்களில் இந்தப் பயணம் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்துவிடும். இறங்கி, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் அடுத்த முறையும் இதையே செய்கிறார்கள். ஒன்றும் ஆகாத நூறு பயணங்கள், நூற்றியோராவது பயணத்திலும் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிடுகின்றன.

அந்த நம்பிக்கை பொய்த்துப்போன நாட்களும் இருக்கின்றன.

தேக்கடியில் அந்த மாலை

2009 செப்டம்பர் 30. தேக்கடி ஏரியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டு அடுக்குப் படகு, சுற்றுலாப் பயணிகளுடன் கிளம்பியது. பழைய படகு அல்ல, புதிதாகச் சேவைக்கு வந்த படகு. கரையோரம் விலங்குகள் தென்பட்டதும், பார்க்கும் ஆவலில் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள். படகு சாய்ந்தது. சாய்ந்த படகு நிமிரவில்லை. 45 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. பயணிகள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. தேக்கடிப் படகுகளில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம் ஆனது அதற்குப் பிறகுதான்.

இது மட்டும் அல்ல. வரிசையாகப் பார்த்தால் மனம் கனத்துப்போகும்.

2002 ஜூலை 27: கேரளாவின் முகம்மாவிலிருந்து குமரகம் போன அரசுப் போக்குவரத்துப் படகு வேம்பநாட்டு ஏரியில் மூழ்கி 29 பேர் பலி. அரசுப் பணித் தேர்வு எழுதப் போனவர்களும் அதில் இருந்தார்கள்.

2007 பிப்ரவரி 20: தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா போன படகு பெரியாற்றில் மூழ்கியது. 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள்.

2011 டிசம்பர் 25: சென்னைக்குப் பக்கத்தில் பழவேற்காடு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த உறவினர்கள் மீன்பிடிப் படகில் சவாரி போனார்கள். படகு கவிழ்ந்து 22 பேர் பலி.

2023 மே 7: கேரளாவின் தானூர் அருகே தூவல் தீரம். பொழுது சாய்ந்த பிறகும் கிளம்பிய 'அட்லாண்டிக்' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள். ஒரே குடும்பத்தில் 11 பேர்.

2024 ஜனவரி 18: குஜராத்தின் வதோதரா, ஹர்ணி ஏரி. பள்ளிச் சுற்றுலா வந்த 12 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். கொள்ளளவுக்கு மேல் ஆட்கள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை.

இவற்றில் பெரும்பாலானவை புயலிலோ நடுக்கடலிலோ நடந்தவை அல்ல. ஏரி, ஆறு, கழிமுகம். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம். விடுமுறைச் சவாரி, பள்ளிச் சுற்றுலா, தேர்வுக்குப் போகும் பயணம். அதாவது எல்லாக் குடும்பங்களும் போகிற இடங்கள்தான்.

படகு ஏன் கவிழ்கிறது?

பஸ்ஸில் பத்துப் பேர் கூடுதலாக ஏறினால் பஸ் மெதுவாகப் போகும். படகுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

ஒவ்வொரு படகுக்கும் 'இத்தனை பேர்' என்று ஓர் எண்ணைத் தருகிறார்கள். அது இருக்கைகளை எண்ணிச் சொல்கிற எண் மட்டும் அல்ல. அத்தனை பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது படகு எவ்வளவு அமிழும், எவ்வளவு சாய்ந்தால் மறுபடியும் நிமிரும் என்பதையெல்லாம் பார்த்துத் தருகிற எண். ஆட்கள் கூடும்போது படகு தண்ணீரில் இன்னும் இறங்குகிறது. தண்ணீருக்கும் படகின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. சின்ன அலை வந்தாலே தண்ணீர் உள்ளே வந்துவிடும். உள்ளே வந்த தண்ணீர், படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி, இன்னும் சாய்க்கும்.

அடுத்தது, எழுந்து நிற்பது. தலையில் குடம் வைத்து நடப்பவரையும், இடுப்பில் குடம் வைத்து நடப்பவரையும் நினைத்துப் பாருங்கள். பாரம் மேலே போகப் போகத் தள்ளாட்டம் அதிகம். படகில் பயணிகள் எழுந்து நிற்கும்போதும், மேல் தளத்தில் கூட்டம் சேரும்போதும் இதுதான் நடக்கிறது.

மூன்றாவது, எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவது. ஒருவருக்கு சராசரியாக 60 கிலோ என்று வைத்தால், 30 பேர் ஒரே பக்கம் நகரும்போது 1,800 கிலோ இடம் மாறுகிறது. இரண்டு சிறிய கார்களை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தூக்கி வைத்த மாதிரி. "அதோ பாரு யானை!" என்ற ஒரு குரல் போதும்.

அதனால்தான், அனுமதித்த எண்ணிக்கைக்குள்ளேயே ஆட்கள் இருந்தாலும் உட்கார்ந்திருப்பது முக்கியம். எண்ணிக்கையும் மீறி, எழுந்தும் நின்றுவிட்டால், அதன் பிறகு காப்பாற்றக்கூடியது லைஃப் ஜாக்கெட் மட்டும்தான்.

சட்டம் இல்லையா?

இருக்கிறது. நேற்று வந்த சட்டம்கூட இல்லை.

பாதுகாப்பற்ற படகிலோ, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகிலோ கூலிக்காக ஒருவரை அழைத்துச் சென்று அவருடைய உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது குற்றம் என்று 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டமே சொன்னது. இப்போது அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 284-வது பிரிவாக அது தொடர்கிறது. 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பிரிவுக்குப் படகு கவிழ்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆபத்து உண்டாக்கும் அளவுக்கு ஆள் ஏற்றினாலே போதும்.

ஆறு, ஏரி, காயல்களில் ஓடும் படகுகளுக்கென்றே 1917-ல் ஒரு சட்டம் இருந்தது. அதை மாற்றி 2021-ல் நாடாளுமன்றம் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை நிறைவேற்றியது. இதன்படி இயந்திரப் படகுகளுக்குப் பதிவு வேண்டும். பஸ்ஸுக்கு எஃப்.சி. பார்ப்பதுபோல, படகுக்கு சர்வே சான்றிதழ் வேண்டும். ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். காப்பீடு வேண்டும். உயிர்காப்புக் கருவிகளும் தீயணைப்புக் கருவிகளும் இருக்க வேண்டும். இதையெல்லாம் சோதித்துப் பார்க்கிற அதிகாரிகளை நியமிப்பது மாநில அரசின் வேலை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2017-ல் படகுப் பாதுகாப்புக்கென்று தனி வழிகாட்டுதல்களை வெளியிட்டது.

விசாரணைக்கும் குறைவில்லை. குமரகம், தட்டேக்காடு, தேக்கடி, தானூர் என ஒவ்வொன்றுக்கும் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. தானூர் விபத்தில் கேரள உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. எத்தனை பயணிகளுக்கு அனுமதி என்பதைப் படகில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட உத்தரவுகளைப் போட்டது.

ஆக, சட்டம், விதி, ஆணையம், நீதிமன்ற உத்தரவு எல்லாமே இருக்கின்றன. ஆனால் விபத்துக்குப் பிறகு சில வாரங்கள் கெடுபிடியாக இருக்கும் சோதனை, அடுத்த சீசனுக்குள் தளர்ந்துபோகிறது. மே மாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கூட்டம் நெரிகிற படகுத்துறையில், "இதுக்கு மேல ஏத்தாதே" என்று சொல்ல ஓர் ஆள் அங்கே நிற்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அலுவலகத்தில் சான்றிதழைப் பார்க்கும் அதிகாரிக்கு, அந்தப் படகில் அன்றைக்கு எத்தனை பேர் ஏறினார்கள் என்பது தெரியாது.

அமெரிக்கா என்ன செய்கிறது?

சொந்தப் படகுகள் ஏராளமாக உள்ள நாடு அமெரிக்கா. அங்கே கடலோரக் காவல் படை ஆண்டுதோறும் பொழுதுபோக்குப் படகு விபத்துகளின் கணக்கை வெளியிடுகிறது. 2023-ல் 564 பேர் இறந்தார்கள். இறப்புக்கான காரணம் தெரிந்தவர்களில் நான்கில் மூன்று பேர் நீரில் மூழ்கி இறந்தவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 87 சதவிகிதம் பேர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை.

இன்னொரு கணக்கும் முக்கியமானது. படகு ஓட்டியவர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவரா என்ற விவரம் தெரிந்த விபத்துகளில், இறப்புகளில் 75 சதவிகிதம் பயிற்சி பெறாதவர்கள் ஓட்டிய படகுகளில் நடந்தவை. அங்கே பல மாநிலங்களில் படகு ஓட்டுபவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு கட்டாயமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஓடும் படகில் 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், மூடிய அறைக்குள் இல்லாதபோது, லைஃப் ஜாக்கெட் அணிந்தே ஆக வேண்டும் என்று அங்கே கூட்டாட்சி விதி இருக்கிறது. மாநிலத்துக்குத் தனி விதி இருந்தால் அது பொருந்தும். குடித்துவிட்டுப் படகு ஓட்டுபவர்களைப் பிடிக்க, ஜூலை 4 விடுமுறையையொட்டி 2009 முதல் ஆண்டுதோறும் நாடு முழுக்கச் சிறப்புச் சோதனை நடக்கிறது. கூட்டம் எப்போது வரும் என்று தெரிந்து, அதற்கு முன்பே போலீஸ் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. சோதனை நடக்கப்போகிறது என்பதையும் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். வழக்குப் போடுவது மட்டுமே நோக்கம் இல்லை. அறிவிப்பைப் பார்த்தே நாலு பேர் பாட்டிலைக் கரையில் வைத்துவிட்டு வந்தால் அதுவும் வெற்றிதான்.

கல்வி ஒரு பக்கம், சோதனை ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் பலன்.

டிக்கெட் வாங்கும் முன் பார்க்க வேண்டிய 6 விஷயங்கள்

அதிகாரி வரும்வரை காத்திருக்க முடியாது. படகுத்துறையில் முதலில் நிற்பது குடும்பம்தான். இவற்றைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

1. பதிவெண் இருக்கிறதா? பதிவு செய்த படகின் வெளிப்பக்கத்தில் பெரிய எழுத்தில் பதிவெண் இருக்கும். எண்ணே இல்லாத படகு என்றால் ஏற வேண்டாம். 'பக்கத்துலதான், அஞ்சு நிமிஷம் சுத்திக் காட்டுறேன்' என்று மீன்பிடிப் படகில் கூப்பிட்டால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது வலைக்கும் மீனுக்கும் செய்த படகு. இருபது பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்குச் செய்தது அல்ல.

2. எத்தனை பேருக்கு அனுமதி? படகில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கேளுங்கள். பிறகு தலைகளை எண்ணுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் உற்சாகமாகச் செய்வார்கள். மடியில் இருக்கும் குழந்தையும் ஒரு தலைதான்.

3. மணி என்ன? பொழுது சாய்ந்த பிறகு சவாரி வேண்டாம். இருட்டில் படகு கவிழ்ந்தால் மீட்க வருபவர்களுக்கு யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியாது. 'இதுதான் கடைசி ட்ரிப்' என்று சொல்லும்போதுதான் கூட்டமும் அதிகமாக ஏறும், அவசரமும் அதிகமாக இருக்கும்.

4. வானம் எப்படி இருக்கிறது? கறுத்துக்கொண்டு வந்தாலோ, காற்று திடீரென்று வீசினாலோ கொடுத்த காசைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

5. வெளியே வர வழி எங்கே? உள்ளே போனதும் வாசல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கதவு, ஜன்னல் எல்லாம் மூடிய கீழ் அறையைவிட, திறந்த இடத்தில் உள்ள இருக்கையே நல்லது. மூடிய அறைக்குள் தண்ணீர் ஏறினால், லைஃப் ஜாக்கெட் ஆளைக் கூரையோடு தூக்கி நிறுத்திவிடும். வாசலுக்கு முங்கிப் போவது கடினம்.

6. ஓட்டுபவர் நிதானமாக இருக்கிறாரா? மது வாடை அடித்தால் குடும்பத்தோடு இறங்கிவிடுங்கள்.

ஜாக்கெட்டை எப்படிப் போடுவது?

லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்திருப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் ஒன்றுதான். படகு கவிழ்வதற்குச் சில நொடிகள் போதும். தண்ணீருக்குள் இருந்துகொண்டு பக்கிள் போடுவது, நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கே சிரமம்.

ஜாக்கெட்டில் எத்தனை கிலோ எடை உள்ளவருக்கு என்று லேபிள் இருக்கும். பெரியவர்களுக்கான ஜாக்கெட்டைப் பிள்ளைக்குப் போட்டால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே நழுவும். சின்னக் குழந்தைகளுக்கான ஜாக்கெட்டில் கால்களுக்கு இடையே மாட்டும் பட்டை ஒன்று இருக்க வேண்டும். அந்தப் பட்டைதான் குழந்தை நழுவாமல் பிடித்துக்கொள்ளும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: எல்லா பக்கிளையும் போட்டுவிட்டுப் பிள்ளையைக் கைகளைத் தூக்கச் சொல்லுங்கள். தோள்பட்டைப் பகுதியில் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே இழுங்கள். அது காது வரை ஏறி வந்தால் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். பட்டையை இறுக்குங்கள், அல்லது வேறு அளவு கேளுங்கள். பக்கிள் உடைந்ததும், துணி கிழிந்து உள்ளே இருக்கும் ஃபோம் நொறுங்கியதும் வேண்டாம். பிள்ளைக்கு அளவான ஜாக்கெட் அங்கே இல்லை என்றால், அன்றைக்குப் படகுச் சவாரி இல்லை. அழுகையை ஒரு ஐஸ்கிரீமில் சமாளித்துவிடலாம்.

கவிழ்ந்துவிட்டால்?

நீந்திக் கரைக்குப் போய்விடலாம் என்று கிளம்ப வேண்டாம். கரை பார்ப்பதற்குப் பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். கவிழ்ந்த படகுகள் பல சிறிது நேரமாவது மிதக்கும். அதைப் பிடித்துக்கொண்டு இருப்பது நல்லது. மீட்க வருபவர்கள் முதலில் படகைத்தான் தேடி வருவார்கள். ஜாக்கெட்டில் விசில் இருந்தால் ஊதுங்கள். கத்துவதைவிட அது தூரம் கேட்கும், சக்தியும் மிச்சமாகும்.

கரையில் இருந்து பார்ப்பவர்கள் உடனே 112-ஐ அழைக்கலாம். கடலோரமாக இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் போலீஸின் 1093 எண்களும் உண்டு. நீச்சல் தெரியாமல் யாரும் குதிக்க வேண்டாம். கயிறு, காலி கேன், மூங்கில் கழி, எது கிடைத்தாலும் எறியுங்கள், நீட்டுங்கள். காப்பாற்றப் போய் மூழ்கியவர்களின் கதைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

பெற்றோரும் பள்ளியும்

இந்தப் பட்டியலில் இரண்டு விபத்துகள் பள்ளிச் சுற்றுலாவில் நடந்தவை. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது 'படகுச் சவாரி உண்டா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். 'உண்டு' என்றால், யாருடைய படகு, எத்தனை பேர் ஏறுவார்கள், பிள்ளைகளின் அளவுக்கு ஜாக்கெட் இருக்கிறதா, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஆசிரியர்கள் இதைத் தொந்தரவாக நினைக்க வேண்டியதில்லை. தட்டேக்காட்டிலும் வதோதராவிலும் பிள்ளைகளோடு சேர்ந்து ஆசிரியர்களும்தான் போனார்கள். படகுத்துறையில் 'இவ்வளவு பேர் ஏற மாட்டோம், இரண்டு தடவையாகப் போகிறோம்' என்று சொல்ல ஆசிரியருக்கு முழு உரிமை உண்டு.

எல்லாம் சரி, உண்மையில் தடையாக இருப்பது எது தெரியுமா? கூச்சம்தான். பின்னால் வரிசை நிற்கும். படகுக்காரர் முகம் சுளிப்பார். "எல்லாரும் போறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று சொந்தக்காரர்களே கேட்பார்கள். அந்த நேரத்தில் "நாங்க அடுத்த படகுல வர்றோம்" என்று சொல்வது சின்ன வாக்கியம்தான். சொல்ல அவ்வளவு சுலபம் இல்லை.

ஆனால் ஒரு குடும்பம் இறங்கினால், இன்னொரு குடும்பமும் யோசிக்கும். நாலு குடும்பம் இறங்கினால், படகில் ஏற்றுபவரும் யோசிப்பார். ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் கேலிக்கு உள்ளான காலம் ஒன்று இருந்தது. இன்று, "அப்பா, பெல்ட் போடலையா?" என்று பின் சீட்டிலிருந்து பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் பக்கிளையும் ஒரு தடவை சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை படகுத்துறையில் நிற்கும்போது அவர்களே எண்ணிச் சொல்வார்கள். "அம்மா, ரெண்டு பேர் அதிகமா இருக்காங்க!"